முந்நூத்திருபது

காடாம்புலியூர்ச் சாலையோர முந்திரிக் கடை ஒன்றில் கால் கிலோ பருப்புக்காக நின்றேன். கடைக்காரர் தராசைத் தொடாமல் கைப்பேசியிடம் பேசிக்கொண்டிருந்தார். மறுமுனையில் ஆள் இல்லை, செயற்கை நுண்ணறிவுச் செயலி. டெல்லி வியாபாரிக்கு இந்தியில் பதில் போக வேண்டுமாம். ‘முந்நூத்திருபது, இருபது டின் இருக்குன்னு எழுது’ என்றார். எழுதியது. அவருக்கு இந்தி தெரியாது, ஆனாலும் 320-க்கு முன்னால் நின்ற ரூபாய்க் குறி கண்ணில் பட்டுவிட்டது. 320 என்பது விலை அல்ல, ரகம்: ஒரு பவுண்டு, அதாவது 454 கிராம் எடைக்கு முந்நூற்றிலிருந்து முந்நூற்றிருபது வரை முழுப் பருப்பு நின்றால் அது அந்த ரகம். 180 என்றால் இன்னும் பெரிய பருப்பு. 320 ரூபாய் என்றே அனுப்பியிருந்தால் தோப்பையே விற்க வேண்டியதுதான்! புதிதாகச் சேர்ந்த பையனுக்குச் சொல்வதுபோல நிதானமாகச் சொல்லித் திருத்தினார். கேமரா வைத்துப் பருப்பைத் தரம் பிரிக்கும் இயந்திரங்கள் வந்துவிட்டன, தெரியும். அதெல்லாம் பெரிய ஆலைக்காரர்கள் பாடு. சிறுதொழிலுக்குச் செயற்கை நுண்ணறிவு எப்படி வரும் என்று கருத்தரங்குகளில் படம் போட்டுக் காட்டுகிறார்கள். இங்கே ஒரு கடிதத்தில் வந்திருக்கிறது, அதுவும் தப்பு நடந்தால் முதலாளி கண்ணுக்கே தெரிகிற இடத்தில். எனக்கு அந்தத் தொடக்கம் பிடித்திருந்தது. ‘ஜிஎஸ்டி கணக்கையும் இதுகிட்டயே குடுத்துடலாமே?’ என்று சீண்டினேன். பொட்டலத்தைக் கட்டிக்கொண்டே சொன்னார்: ‘அதுல தப்பு பண்ணா எனக்குத் தெரியாதே சார். அது ஆடிட்டர்கிட்டதான்.’