காப்பி அடித்த கடல்!

(மூன்றாம் ஆண்டு, சிவில் பிரிவு)



போன செமஸ்டர் பிளேன் டேபிள் ரெக்கார்டு சப்மிட் பண்ணும்போது நடந்த கூத்து சிவில்காரர்களுக்குத் தெரியும். மற்ற பிரிவு நண்பர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஷீட்டில் ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால் ஒரு வேப்பமரம் அழகாக நின்றது. சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, "எங்கப்பா இந்த மரம்?" என்றார். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தோம். மரம் இல்லை! இரண்டு வருஷம் முன்னால் அடித்த காற்றில் விழுந்து, வெட்டி எடுத்துக்கொண்டும் போயாச்சு. சீனியர் ஷீட்டில் நின்ற மரம் டிரேஸ் ஆகி எங்கள் ஷீட்டிலும் வேர் விட்டுவிட்டது. பேட்ச்சில் எட்டுப் பேர். எட்டு ஷீட்டிலும் அதே மரம்.

சிரித்து மறந்திருப்போம். ஆனால் அதற்கப்புறம் பழைய கடல் வரைபடங்கள் பற்றிப் படிக்க நேர்ந்தது. படிக்கப் படிக்க, 'அட, இது நம்ம ரெக்கார்டு நோட்டுக் கதைதானே!' என்று தோன்றியது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

அச்சில் வந்த முதல் கடல் அட்லஸ் 1584-ல் ஹாலந்து நாட்டில் வெளியானது. எழுதியவர் வாகனேர் என்ற மாலுமி. கப்பல் ஓட்டிப் பழகிய கைப்பக்குவத்தில் செய்த வேலை. ஆங்கிலேயர்கள் 1588-ல் அதைத் தங்கள் மொழியில் போட்டுக்கொண்டார்கள். கடல் அட்லஸ் என்றாலே 'வாகனர்' என்று சொல்லும் அளவுக்கு அவர் பெயர் அங்கே பரவிவிட்டது. இதுவரை தப்பில்லை.

தப்பு அப்புறம் நடந்தது. 1671-ல் ஜான் செல்லர் என்பவர் லண்டனில் 'இங்கிலீஷ் பைலட்' என்று ஒரு கடல் நூல் கொண்டுவந்தார். பெயர்தான் இங்கிலீஷ்! ஹாலந்துக்காரர்கள் தேய்ந்து போச்சு என்று தள்ளிய செப்புத் தகடுகளை விலைக்கு வாங்கி, தலைப்பை மாற்றிச் செதுக்கி, புதுசு என்று விற்றார். அவருக்கு ராஜாவின் கடல் வரைபடக்காரர் என்று பட்டம் வேறு! மணல்திட்டு வருஷா வருஷம் நகரும், கால்வாய் தூர்ந்து போகும். தகட்டில் எதுவும் நகராது. எங்கள் வேப்பமரம் மாதிரி.

எங்களுக்குப் போனது பத்து மார்க். கடலில் போனது என்ன? 1707 அக்டோபரில் ஆங்கிலேயக் கடற்படை ஊர் திரும்பும்போது, சில்லி தீவுகளின் பாறைகளில் மோதி ஒரே இரவில் நான்கு கப்பல்கள் மூழ்கின. செத்தவர்கள் ஆயிரத்துக்கும் மேலே. வானிலை மோசம், இருக்கும் இடத்தைக் கணித்ததிலும் பிழை. வரைபடம் ஒன்றை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாதுதான். ஆனால் வால்நட்சத்திரப் புகழ் ஹாலி 1700-லேயே எச்சரித்திருந்தார்: புழக்கத்தில் உள்ள வரைபடங்களில் அந்தத் தீவுகள் இருக்கவேண்டிய இடத்துக்குப் பல மைல் வடக்கே தள்ளிப் போடப்பட்டிருக்கின்றன என்று. யார் கேட்டார்கள்?

காப்பியை விட்டு அளவுக்கு வந்தவர்களில் முந்திக்கொண்டது பிரான்ஸ். பிக்கார், லா ஹிர் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1679 முதல் 1682 வரை கடற்கரை ஊர்களுக்கு டெலஸ்கோப்பும் பெண்டுலம் கடிகாரமும் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். வியாழன் கிரகத்தின் நிலாக்கள் அதன் நிழலில் மறைவதுதான் அவர்களுக்குக் கடிகாரம். மறையும் நொடி எல்லா ஊருக்கும் ஒன்றுதான், ஊர்க் கடிகாரம்தான் வேறுபடும். பாரிஸில் இரவு 9 மணிக்குத் தெரிவது, மேற்குக் கோடியில் இருக்கும் பிரெஸ்ட் ஊரில் சுமார் 27 நிமிஷம் குறைவான நேரத்தில் தெரியும். 4 நிமிஷத்துக்கு 1 டிகிரி. கணக்குப் போட்டால் பிரெஸ்ட் பாரிஸுக்கு மேற்கே 7 டிகிரிக்குச் சற்றுக் குறைவு. ஆடுகிற கப்பலில் இது நடக்காது, கரையில் நடக்கும். கரை சரியானால் வரைபடத்தின் எலும்புக்கூடு சரியாகும்.

அளந்து முடித்தபோது பிரான்ஸின் மேற்குக் கரை பழைய வரைபடத்தில் இருந்ததைவிட உள்ளே வந்துவிட்டது. நாடே சுருங்கிப் போச்சு! "என் எதிரிகளைவிட இந்த வானியல்காரர்களிடம்தான் அதிக நிலத்தை இழந்தேன்" என்று பதினான்காம் லூயி மன்னர் அலுத்துக்கொண்டதாக ஒரு கதை உண்டு. கதை நிஜமோ பொய்யோ, வரைபடத்தை மறைக்கவில்லை. 1693-ல் அச்சிட்டார்கள். 'நெப்டியூன் பிரான்ஸ்வா' என்ற கடல் அட்லஸும் அதே வருஷம்தான் வந்தது. உடனே ஆம்ஸ்டர்டாமில் ஒருவர் அதையும் காப்பி அடித்துப் போட்டார் என்பது தனி ஜோக்!

எனக்கு இவர்கள் எல்லாரையும்விடப் பிடித்தவர் மர்டோக் மெக்கன்சி. ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னி தீவுகளில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். 1740-களில் தன் தீவுகளைத் தானே அளக்கக் கிளம்பினார். சர்வே படித்தவர்களுக்கு முதல் தலைவலி எது? பேஸ்லைன். மேடு பள்ளம் இல்லாத நீளமான தரை வேண்டும். ஆர்க்னியில் அதற்கு எங்கே போவது? குளிர்காலத்தில் ஸ்டென்னஸ் ஏரி உறைந்தது. இவர் பனிக்கட்டி மேல் பேஸ்லைனை அளந்தார்! அதைவிட மட்டமான தரை கிடைக்குமா? அங்கிருந்து குன்றுகளின் உச்சியில் அடையாளம் நட்டு, கோணங்கள் எடுத்து, முக்கோணம் முக்கோணமாகத் தீவு முழுக்கப் பின்னினார். கரை நின்ற பிறகுதான் படகு. ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி ஆழம் பார்ப்பது, குண்டின் அடியில் தடவிய கொழுப்பில் ஒட்டி வருவது மணலா, கிளிஞ்சலா, சேறா என்று குறிப்பது எல்லாம் அதற்கப்புறம். (நம்ம மீனவர்கள் 'பாகம்' என்று சொல்கிறார்களே, அதே அளவில்தான் ஆழம்.) 1750-ல் புத்தகமாக வந்தபோது ஆர்க்னி வரைபடங்களின் ஸ்கேல் மைலுக்கு ஓர் அங்குலம்.

1774-ல் அவர் கடல் சர்வேக்கு என்றே ஒரு பாடநூல் எழுதினார். படகில் இருந்தபடி, கரையில் தெரிந்த மூன்று அடையாளங்களுக்கு நடுவே இரண்டு கோணங்களை அளந்தால் படகு இருக்கும் இடம் கிடைத்துவிடும் என்பது அதில் வருகிறது. ஆமாம் சாமி, நாம் வைவாவில் திருதிருவென முழிக்கும் த்ரீ பாயின்ட் பிராப்ளமேதான்! டிரேசிங் பேப்பர் மெத்தடை ஒப்பித்தோமே தவிர, அதை நம்பி ஒரு கப்பல் பாறைகளுக்கு நடுவே போகும் என்று யாரும் நமக்குச் சொல்லவில்லை.

பிளேன் டேபிள் என்றால் சின்ன வேலை என்று நினைப்பவர்களுக்கு இன்னொரு செய்தி. 1758-ல் கனடாவின் லூயிஸ்பர்க் கோட்டை விழுந்த மறுநாள், ஒரு ராணுவ அதிகாரி கரையில் பிளேன் டேபிள் வைத்து வேலை செய்துகொண்டிருந்தார். கப்பலில் இருந்து இறங்கிய ஒரு பண்ணைத் தொழிலாளியின் மகன் கிட்டே போய், இது என்ன, எப்படி என்று விசாரித்துக் கற்றுக்கொண்டார். அவர்தான் ஜேம்ஸ் குக். 1763 முதல் 1767 வரை நியூஃபவுண்ட்லாந்து கரையை அவர் வரைந்த வரைபடங்கள்தான் அவரைப் பசிபிக் வரை கொண்டுபோயின.

சரி, நம்ம கதைக்கு வருவோம். "ஒரு டேபிளுக்கு எட்டுப் பேர், மூணு மணி நேரம், மண்டையைப் பிளக்கும் வெயில். காப்பி அடிக்காம எப்படிடா முடிக்கிறது?" என்று கேட்பீர்கள். கேள்வி நியாயம்தான். அதனால்தான் துறையிடமும் பேரவையிடமும் கேட்கிறேன்: ஷீட் எண்ணிக்கையைப் பாதியாகக் குறையுங்கள். ஃபீல்டு புக்கை அடித்தல் திருத்தலோடு அப்படியே வாங்குங்கள். அளக்காத இடத்தை வெறுமையாக விட்டால் மார்க்கைக் குறைக்காதீர்கள். ஆழம் பார்க்காத கடலை வெள்ளையாக விடுவதுதான் மாலுமிக்குச் செய்யும் உதவி.

க்ளோசிங் எர்ரர் விஷயமும் இதுதான். லெவலிங்கில் கடைசி ரீடிங்கைத் தட்டிக்கொட்டிப் பூஜ்யமாக்குவதில் நாம் கில்லாடிகள். டிராவர்ஸில் நாம் போடும் பௌடிச் ரூலைத் தந்த நதானியேல் பௌடிச், அன்றைய பிரபலமான கப்பலோட்டும் கையேட்டின் அட்டவணைகளில் எட்டாயிரம் பிழைகளைக் கண்டுபிடித்ததாகச் சொல்வார்கள். அவர் ரூல் பிழையை ஒளிக்கச் சொல்லவில்லை. இவ்வளவு பிழை என்று வெளியே காட்டி, பிறகு கணக்காகப் பங்கு போடச் சொல்கிறது. இரண்டும் ஒன்றா?

நாளைக்கு நாம் சைட்டில் நிற்கப்போகிறவர்கள். டிராயிங்கில் கையெழுத்துப் போடுவது வேறொருவர், லெவல் எடுப்பது நாம். தட்டிக்கொட்டிய லெவலில் வடிகால் போட்டால் மழைத்தண்ணீர் யார் வீட்டு வாசலில் நிற்கும் என்று யோசியுங்கள்.

இன்னொரு விஷயம். சென்னையில் 1794-ல் கோட்டைப் பக்கத்தில் ஒரு சர்வே பள்ளி ஆரம்பித்தார்கள், எட்டு மாணவர்களோடு. கிண்டி பொறியியல் கல்லூரியின் வேர் அதுதான். அந்த யோசனையைச் சொன்ன மைக்கேல் டாப்பிங், சோழமண்டலக் கரையை அளந்த கடல் சர்வேயர். நுங்கம்பாக்கத்தில் அவர் முயற்சியால் 1792-ல் எழுந்த வானாய்வுக்கூடத்தில், வியாழனின் நிலாக்களைப் பார்த்தே சென்னையின் தீர்க்கரேகையைக் கணித்தார்கள். டெலஸ்கோப் வைத்த கருங்கல் தூண் இன்றும் அங்கே இருக்கிறது. டூர் என்றால் ஊட்டியும் கொடைக்கானலும்தானா? ஒருநாள் இதைப் பார்த்துவிட்டு வரலாமே!

எங்கள் எட்டுப் பேரையும் சார் ஷீட்டைத் திரும்ப வரையச் சொல்லியிருக்கிறார். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு, வெயில் ஏறுவதற்குள், ஒர்க்‌ஷாப் பின்னால் டேபிளைப் போடுகிறோம். மரம் இருந்த இடத்தில் அடிக்கட்டை மட்டும் இன்னும் இருக்கிறதாம். எங்கே என்று போய்ப் பார்த்துத்தான் குறிக்கணும்.