ஊர் தூங்காதிருக்க, ஆள் தூங்க வேண்டும்

மதுரையைத் தூங்கா நகரம் என்று சொல்லிக்கொள்வதில் நமக்கொரு பெருமை. நள்ளிரவு தாண்டியும் கிடைக்கும் இட்லி, விடியுமுன் பூச்சந்தையில் விலை பேசப்படும் மல்லிகை என்று சான்றுகளை அடுக்குவோம். பழமைக்குச் சங்கப் பாட்டான மதுரைக்காஞ்சி இருக்கிறது. பகலில் நாளங்காடியும் இரவில் அல்லங்காடியும் நடந்த ஊர். ஆனால் மாங்குடி மருதனாரின் அந்தப் பாட்டை முழுதும் படித்தவர்கள் இன்னொன்றையும் கண்டிருப்பார்கள். இரவின் இரண்டாம் யாமத்தில் வணிகர் கடையை அடைக்கிறார்கள். பலகாரம் விற்பவர்கள் தூங்கி வழிகிறார்கள். கூத்தாடியவர்கள் படுத்துவிடுகிறார்கள். மூன்றாம் யாமத்துத் தெருவில் மிஞ்சுவது கள்வரும் அவர்களைத் தேடும் காவலரும்தான். பேய்களையும் புலவர் விட்டுவிடவில்லை. ஊரை விழிப்பாக வைத்திருந்தது ஆள் மாற்றி ஆள் வந்த முறை. இன்றும் மீனாட்சியம்மனுக்கே உச்சிப்பொழுதில் நடை சாத்தி மாலையில்தான் திறக்கிறோம், இரவில் பள்ளியறை பூஜை முடித்து உறங்க வைக்கிறோம்.

இந்த முறையை முதலில் குலைத்தது மில் சங்கு. 1892-இல் ஹார்வி சகோதரர்களின் மதுரை மில் ஓடத் தொடங்கியபோது நடப்பில் இருந்த 1891-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் பெண்களுக்கு நாளொன்றுக்கு 11 மணி நேரம் என்று வரம்பு கட்டியிருந்தது. வயதுவந்த ஆண்களுக்கு எந்த வரம்பும் கிடையாது. மின்விளக்கு வந்ததும் இரவும் மில்காரர் கைக்குப் போனது. 1911-இல்தான் பஞ்சாலை ஆண்களுக்கு 12 மணி நேரம் என்று வரையறுத்தார்கள். 1919-இல் வாஷிங்டனில் கூடிய சர்வதேசத் தொழிலாளர் மாநாடு உலகத்துக்கு வாரம் 48 மணி என்றது. இந்தியாவுக்கு மட்டும் தனி விதி எழுதி 60 மணி என்றது. அந்த 60 இங்கே 1922-இல் சட்டமாயிற்று. 1934-இல் 54 ஆனது. 48-ஐத் தொட 1946 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

எதுவும் சும்மா வந்துவிடவில்லை. 1918-இல் சென்னை பக்கிங்காம், கர்னாடிக் ஆலைத் தொழிலாளர்கள் பி.பி. வாடியாவின் தலைமையில் சங்கம் கண்டபோது, முன்வரிசையில் நின்ற குறை மதிய இடைவேளை போதவில்லை என்பதுதான். சாப்பிட்டுக் கை கழுவ நேரம் கேட்டுத்தான் நாட்டின் முதல் முறையான தொழிற்சங்கங்களில் ஒன்று பிறந்தது.

நேரத்தைக் குறைத்தால் உற்பத்தி படுத்துவிடும் என்று முதலாளிகள் ஒவ்வொரு முறையும் சொன்னார்கள். முதல் உலகப்போர் நடந்தபோதே பிரிட்டனின் வெடிமருந்து ஆலைகளை ஆராய்ந்த குழு வேறு கணக்கைக் காட்டியிருந்தது: வேலை நேரம் குறைந்த சில இடங்களில் மொத்த உற்பத்தி கூடவே செய்தது. நூற்பாலையில் நின்றவர்களுக்கு இது புதிதாக இராது. கதிர் தானாகச் சுற்றும். இழை அறுந்தால் ஒட்ட மனிதக் கண்ணும் விரலும் வேண்டும். கண் சொருகினால் எந்திரம் ஓடிக்கொண்டேதான் இருக்கும், ஆனால் வருவது நூலாக இராது, கழிவுப் பஞ்சாக இருக்கும். மில்லில் ஷிப்ட் முறை நிலைத்தபின் ஆலை 24 மணி நேரமும் ஓடியது, ஆள் 8 மணி நேரம் நின்றான். மதுரைக்காஞ்சியின் ஊரைப் போல.

அந்தப் பாடத்தை மதுரைக் கடைவீதி இன்னும் படிக்கவில்லை. விளக்குத்தூணிலும் மாசி வீதிகளிலும் தீபாவளி மாதத்தில் துணிக்கடைப் பிள்ளைகள் காலையில் நின்றவர்கள் இரவுவரை நிற்கிறார்கள். உட்கார இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாடு சட்டம் திருத்தியது 2021-இல். உட்காருவதற்கே ஒரு சட்டம் தேவைப்பட்டது என்பதை நினைத்தால் சிரிப்பா அழுகையா தெரியவில்லை. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் கடைகள் இரவு பகலாகத் திறந்திருக்க அரசு அனுமதி உண்டு. அந்த ஆணையே ஓர் ஆளுக்கு நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்றும் சொல்கிறது. கடைக்காரர்கள் முதல் வரியை மட்டும் வாசிக்கிறார்கள்.

2023 ஏப்ரலில் ஆலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. வாரக் கணக்கு 48-தான், நாள்தான் நீளும் என்று விளக்கம் சொன்னார்கள். எதிர்ப்பு கிளம்பி மே நாளன்று திரும்பப் பெறப்பட்டது. வாரம் 70 மணி, 90 மணி என்று பெரிய நிறுவனத் தலைவர்கள் இப்போது பேசுகிறார்கள். அவர்கள் வீட்டில் சமைக்கவும் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பவும் வேறு கைகள் இருக்கும், இலந்தைக்குளம் ஐ.டி. பூங்காவிலிருந்து இருட்டில் வண்டியோட்டி வீடு திரும்பும் பெண்ணுக்கு அந்தக் கைகளும் அவளுடையவையே.

மாசி வீதி வியாபாரிகளால் முடிகிற காரியம் ஒன்று உண்டு. தீபாவளிக்கு முந்தைய அந்த நான்கு வாரத்துக்கு இரண்டு ஷிப்ட் வைக்கலாம். கூடுதல் ஆளுக்குச் சம்பளம் ஆகும்தான். மாலை ஏழு மணிக்குக் கால் வீங்கி நிற்கும் பிள்ளை, பத்தாவது புடவையை விரித்துக் காட்ட அலுத்துப்போய் இழக்கும் விற்பனையையும் அந்தக் கணக்கில் ஒரு முறை சேர்த்துப் பார்க்கட்டும்.