இரவல் வாங்குங்கள், ஒரு வாழ்க்கையை!

செல்போன் இல்லாத வீடு இன்று அபூர்வம். அதில் பாட்டு வருகிறது. படம் வருகிறது. ஊர் வம்பும் வருகிறது. வரட்டும், வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அதே செல்போனுக்குள் ஒரு நூல் நிலையமும் இருக்கிறது. அதன் கதவைத் தட்டியவர்கள் எத்தனை பேர்?

தட்டினால் முதலில் எந்தப் புத்தகத்தைக் கேட்பது? வாழ்க்கை வரலாற்றைக் கேளுங்கள் என்பது நம் கட்சி. அதிலும், தம் கதையைத் தாமே எழுதியவர்களின் நூலைக் கேளுங்கள்.

காரணம் உண்டு. ஒரு பெரியவரைப் பற்றிப் பிறர் எழுதினால், பெரும்பாலும் சிலை வைத்து மாலை போடுவது போல எழுதுகிறார்கள். அவரே எழுதினால் பட்ட பசி தெரிகிறது. பயந்தது தெரிகிறது. தலை குனிந்ததும் தெரிகிறது. "இவரும் நம்மைப் போல ஒரு மனிதர்தானே! இவர் நிமிர்ந்தார் என்றால் நாமும் நிமிரலாமே!" என்ற எண்ணம் அப்போதுதான் வருகிறது.

அபராதம் கிடையாது

மின்நூல் இரண்டு வகையில் கிடைக்கிறது.

ஒன்று, பொதுச் சொத்தாகிவிட்ட நூல். நம் நாட்டுச் சட்டப்படி, ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் ஆனால் அவர் நூல் பொதுவுக்கு வந்துவிடும். பாரதியார் முதலாகப் பலருடைய நூல்களைத் தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கியும் இருக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும், 1998-ல் தொடங்கிய மதுரைத் திட்டத்திலும் இத்தகைய நூல்கள் ஏராளம். காசு இல்லை. திருப்பிக் கொடுக்க வேண்டியதும் இல்லை.

மற்றொன்று, இரவல் நூல். சில மின் நூலகங்கள் ஒரு பிரதியை ஒரு சமயத்தில் ஒருவருக்கே கொடுக்கும். வேறொருவர் வைத்திருந்தால் நாம் வரிசையில் காத்திருக்க வேண்டும். தவணை முடிந்ததும் நூல் தானே திரும்பிப் போய்விடும். மறந்துவிட்டோமே என்ற கவலை இல்லை. அபராதமும் இல்லை!

யார் யாரை அழைப்பது?

முதலில் டாக்டர் உ. வே. சாமிநாதையர். அவருடைய 'என் சரித்திரம்' ஒவ்வொரு வீட்டிலும் படிக்க வேண்டிய நூல். மகன் தமிழ் படிக்க வேண்டும் என்று தகப்பனார் ஊர் ஊராகக் குடும்பத்தை அழைத்துப் போகிறார். பணம் இல்லை. ஆனாலும் படிப்பு நிற்கவில்லை. பிறகு அந்த மகன் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியர் ஆகிறார். 1880-ல் அங்கே முன்சீப்பாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியார், "சீவக சிந்தாமணி படித்திருக்கிறீர்களா?" என்று கேட்கிறார். இல்லை! அவ்வளவு படித்தவர் அதைப் பார்த்ததுகூட இல்லை. இதை அவர் மறைக்கவில்லை. தாமே எழுதி வைத்தார். அந்த ஒரு கேள்வியால் ஏடு தேடி அலைந்து, 1887-ல் சிந்தாமணியை அச்சிட்டார். பின்னர் பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு, மணிமேகலை எல்லாம் அவரால் அச்சுக்கு வந்தன.

இரண்டாவது, மகாத்மா காந்தியின் 'சத்திய சோதனை'. அண்ணனின் தங்கக் காப்பிலிருந்து துண்டு வெட்டித் திருடியதையும், அதை ஒரு கடிதத்தில் எழுதித் தந்தையிடம் கொடுத்ததையும் அவரே சொல்கிறார். தந்தை அடிக்கவில்லை. கண்ணீர் விட்டார். பிள்ளை வளர்ப்பவர்கள் இதைப் படிக்க வேண்டும். தென்னாப்பிரிக்காவில் முதலாளியிடம் அடிபட்டு, இரத்தம் வழிய வந்த பாலசுந்தரம் என்ற தமிழ்த் தொழிலாளியின் கதையும் இதில் உண்டு.

மூன்றாவது, திரு. வி. க. 1944-ல் வெளியிட்ட 'வாழ்க்கைக் குறிப்புகள்'. 1918-ல் சென்னையில் தொழிலாளர் சங்கம் தோன்றியபோது உடன் நின்று உழைத்தவர் அவர். சங்கம் என்றால் என்ன, அதற்காக யார் என்ன பாடுபட்டார்கள் என்று உழைப்பாளி வீட்டுப் பிள்ளை தெரிந்துகொள்ள வேண்டாமா?

நான்காவது, அவ்வை டி. கே. சண்முகத்தின் 'எனது நாடக வாழ்க்கை'. 1918-ல் ஆறு வயதுச் சிறுவனாகச் சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகக் குழுவில் சேர்ந்தவர் அவர். சினிமா பார்க்கிற வீடுகளில் எல்லாம் இந்த நூல் ருசிக்கும்.

பெண்கள் எழுதியவை எங்கே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அந்தக் காலத்தில் பெண்கள் எழுதியது குறைவு. அதனாலேயே, எழுதியவர்களைத் தேடிப் படிக்க வேண்டும். 1912-ல் டாக்டர் பட்டம் பெற்ற முத்துலட்சுமி ரெட்டி தம் வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதினார். வீட்டில் ஆங்கிலம் படிக்கும் பெண் இருந்தால், அவள் வாசித்து அம்மாவுக்குத் தமிழில் சொல்லட்டும்.

"அவ்வளவு பெரிய புத்தகமா?"

இப்படி மலைக்க வேண்டாம். 'என் சரித்திரம்' 1940 முதல் 1942 வரை ஆனந்த விகடனில் வாரா வாரம் வந்தது. காந்தியடிகளின் வரலாறும் 'நவஜீவன்' வாரப் பத்திரிகையில் பகுதி பகுதியாக வந்ததுதான். வேலை முடிந்து வந்தவர்கள் ஓர் அத்தியாயம் படித்துவிட்டு, அடுத்த வாரத்துக்குக் காத்திருந்தார்கள். நாமும் அப்படியே படிக்கலாம். எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்குக்கூட வாரம் ஓர் அத்தியாயம் பாரமல்ல. எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளச் செல்போனில் வசதி உண்டு. ஒருவர் உரக்க வாசித்தால், படிக்கத் தெரியாத பாட்டிக்கும் அது போய்ச் சேரும்.

ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். தன் கதையைச் சொல்பவர் தன் பக்கத்தைத்தான் சொல்வார். ஆகவே "சரி சாமி" என்று எல்லாவற்றையும் விழுங்க வேண்டாம். "அவர் மனைவி எழுதியிருந்தால் என்ன சொல்லியிருப்பார்?" என்று கேட்டுப் பாருங்கள். வீட்டில் நல்ல விவாதம் கிளம்பும்.

நூலகர்களுக்கு ஒரு வார்த்தை

மின்நூல்களை வலையில் ஏற்றியவர்கள் பெரிய தொண்டு செய்திருக்கிறார்கள். ஆனால் அது அங்கே இருக்கிறது என்று ஊராருக்குத் தெரியவில்லையே! ஒவ்வொரு கிளை நூலகத்திலும் ஒரு பலகை வையுங்கள். எப்படித் தேடுவது, எங்கே தொடுவது என்று நாலு வரியில் எழுதுங்கள். வாரத்தில் ஒரு மணி நேரம், கேட்டு வருகிறவர்களுக்குச் செய்து காட்டுங்கள். புதிதாக எழுத்துக் கற்றவர் கூச்சப்படுவார். அவர் கேட்கும் முன்பே நீங்கள் சொல்லுங்கள்.

வீட்டுக்காரர்களே! இந்த மாதம் ஒரு நூல், வாரம் ஓர் அத்தியாயம். அதற்கு மேல் வேண்டாம். பிள்ளையிடம் "போனைக் கீழே வை" என்று சொல்லி அலுத்துப் போனவர்கள், ஒரு நாள் "போனை எடு, முதல் அத்தியாயத்தை வாசி" என்று சொல்லிப் பாருங்கள்!