நீங்க எந்தத் தெரு?

இலக்கியக் கூட்டம். வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவராக அறிமுகம். எனக்கு முன்னால் ஏழு பேர். பெயர், எழுதிய புத்தகம், அவ்வளவுதான். யாரும் எதுவும் கேட்கவில்லை. நான் பெயரையும் ஊரையும் சொன்னேன். 'ஊர்ல எந்தப் பக்கம்?' என்றார் ஒருவர். 'சேரி' என்றேன். உடனே இன்னொருவர்: 'எழுத்தாளனுக்கு எதுக்குங்க சாதி?'

கேட்டது யாரு? நானா?

அந்த ஏழு பேருக்கும் சாதி இல்லாமலில்லை. அவங்க சாதிக்குப் 'பொது' என்று பேர் வச்சிருக்காங்க.

1893இல் இரட்டைமலை சீனிவாசன் தன் பத்திரிகைக்குப் 'பறையன்' என்றே பெயரிட்டார். வசையாக வீசிய சொல்லை முகப்பில் அச்சடித்தார். 1992இல் வந்த 'கருக்கு'வின் தொடக்கத்திலேயே பாமா, ஊரின் தெருக்களைச் சாதிவாரியாகப் பிரித்துக் காட்டினார். அவர்கள் ஒளிக்கவில்லை. நாம் மட்டும் ஏன் முனக வேண்டும்?

தோழர்களே, இனி எந்த அவையிலும் அவர்கள் தோண்டி எடுக்கும்வரை காத்திருக்க வேண்டாம். நாமே உரக்கச் சொல்லுவோம். சொன்ன வாயாலேயே திருப்பிக் கேட்போம்: 'நீங்க எந்தத் தெரு? அதுல எங்கப்பன் செருப்பு போட்டு நடந்தானா?'