வண்டியும் அவனுடையது, பழுதும் அவனுடையது. லாபம் மட்டும் யாருடையது?

பஞ்சாலைத் தோழனே! நாளைக் காலை ஷிப்டுக்குப் போகிறாய். உன் ரிங் பிரேமில் ஸ்பிண்டில் உடைந்து கிடக்கிறது. மேஸ்திரி உன்னைக் கூப்பிட்டு, "ஸ்பிண்டிலை நீயே வாங்கி வந்து மாட்டு, மாட்டும் வரை உனக்குக் கூலி கிடையாது" என்கிறான். நீ என்ன செய்வாய்? முதலில் சிரிப்பாய். பிறகு சங்கத்துக்குப் போவாய்.

விவசாயத் தொழிலாளித் தோழனே! பண்ணையாரின் பம்பு செட்டில் காயில் எரிந்து போனால், ரீவைண்டிங் செலவை உன் கூலியில் பிடிக்கச் சம்மதிப்பாயா? சவுக்கடியும் சாணிப்பாலும் கொடுத்த தஞ்சை மிராசுதாரின் பண்ணையிலே கூட ஏர் மாடு மிராசுதாருடையதாக இருந்தது. மாடு நொண்டியானால் நஷ்டம் அவனுடையதாக இருந்தது.

இன்று சென்னை அசோக் நகரில் மிராசுதாருக்கும் தோன்றாத ஒரு தந்திரம் நடக்கிறது. தொழிலாளி தன் உழைப்பைக் கொண்டு வந்தால் மட்டும் போதாது. யந்திரத்தையும் அவனே கொண்டு வர வேண்டும். யந்திரம் ஓடினால் கம்பெனிக்கு லாபம். யந்திரம் நின்றால் தொழிலாளி வீட்டில் உலை நிற்கிறது.

மெட்ரோ தூணின் நிழலில்

நாலு சிங்கம் நிற்கும் அசோகத் தூணுக்குப் பக்கத்தில், நூறடி சாலையில், தலைக்கு மேல் மெட்ரோ ரயில் ஓடுகிறது. அந்த மேம்பாலத் தூண்களின் நிழலில்தான் மதிய வேளையில் டெலிவரித் தொழிலாளர்கள் வண்டியைச் சாய்த்து நிறுத்துகிறார்கள். சோறு சுமப்பவர், மளிகை சுமப்பவர், பார்சல் சுமப்பவர் எல்லோரும் அங்கே உண்டு. கொஞ்சம் தள்ளிக் குட்டியானை ஓட்டும் தோழர்கள் லோடுக்குக் காத்திருக்கிறார்கள்.

நாம் அவர்களோடு உட்கார்ந்து பேசினோம். அவர்களுடைய பேச்சில் சினிமா கொஞ்சம், வண்டி நிறைய. செயின் தளர்ந்தது, கிளட்ச் வயர் அறுந்தது, பிரேக் ஷூ தேய்ந்தது, பேட்டரி இறங்கியது! புதுச் சாமான் வாங்க ஜி.பி. ரோடு, பழைய சாமான் தேடப் புதுப்பேட்டை என்று அலைந்த கதைதான் எல்லோரிடமும். "உடம்புக்குக் காய்ச்சல் வந்தால் மாத்திரை போட்டுக்கொண்டு ஓட்டிவிடலாம், தோழர்; வண்டிக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்வது?" என்று கேட்டார் ஒரு இளைஞர்.

அவர் கேட்ட கேள்விக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு தொழிலாளி நாளைக்கு 120 கிலோமீட்டர் ஓட்டுகிறார், மாதம் 26 நாள் வேலை செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு 3,120 கிலோமீட்டர். வருஷத்துக்கு 37,440 கிலோமீட்டர். ஆபீசுக்குப் போய்வரும் குமாஸ்தாவின் வண்டி நாலைந்து வருஷத்தில் ஓடும் தூரத்தை இவருடைய வண்டி ஒரே வருஷத்தில் ஓடித் தீர்க்கிறது. மாதா மாதம் ஆயில் மாற்ற வேண்டும். வருஷம் முடிவதற்குள் டயர், செயின், பிரேக் எல்லாம் மாற்ற வேண்டும். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டியானாலும், நூறு ரூபாய் விலையில் பெட்ரோலுக்கு மட்டும் தினம் 266 ரூபாய். சென்னையில் பெட்ரோல் நூறு ரூபாயைத் தாண்டியது 2021 ஜூலையில்! விலை ஏறிய அன்று எந்தக் கம்பெனியாவது தானாக முன்வந்து கூலியை ஏற்றியதா? 

குட்டியானைத் தோழர்களின் கதையும் இதுதான். 2005-ல் சந்தைக்கு வந்த அந்தச் சிறு வண்டி முக்கால் டன் சுமக்கச் செய்யப்பட்டது. சரக்கு ஏற்றுகிறவன் முக்கால் டன்னோடு நிறுத்துகிறானா? "ஒரே நடையில் முடித்துவிடு" என்று ஒன்றேகால் டன்னை ஏற்றுகிறான். ஸ்பிரிங் பட்டை முறிகிறது; முறிந்த பட்டைக்குப் பணம் ஓட்டுநர் கையிலிருந்து போகிறது. பட்டறையில் வண்டி நிற்கும் நாளில் வாடகை இல்லை; ஆனால் வண்டிக் கடனுக்கான தவணை நிற்பதில்லை. பைனான்ஸ்காரனின் நாட்காட்டியில் பழுது நாள் என்று ஒரு நாள் கிடையாது!

தேய்மானக் கணக்கு

எந்த முதலாளியின் ஐந்தொகைக் கணக்கையும் எடுத்துப் பாருங்கள். அதில் "தேய்மானம்" என்று ஒரு வரி இருக்கும். யந்திரம் தேய்கிறது, ஆகவே இவ்வளவு தொகையை லாபத்தில் கழித்துக்கொள்கிறேன் என்று வருமான வரி இலாகாவிடம் கணக்குக் காட்டுவான். சர்க்காரும் ஒப்புக்கொள்ளும். இரும்பு தேய்வதற்கு இந்த உலகத்தில் மரியாதை உண்டு.

டெலிவரிக் கம்பெனிகள் இதையும் விஞ்சிவிட்டன. நகரமெங்கும் ஆயிரக்கணக்கான வண்டிகள் அவர்களுக்காக ஓடுகின்றன. அவர்கள் கணக்கில் அவற்றுள் ஒன்றுகூட இல்லை. டயர் தேய்வது தொழிலாளி கணக்கில். என்ஜின் தேய்வது தொழிலாளி கணக்கில். முதுகெலும்பு தேய்வதும் அவன் கணக்கில்! இந்தத் தேய்மானத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால்தான் அவனுடைய உண்மையான கூலி என்னவென்று தெரியும். கைபேசியில் காட்டும் தொகை கூலி அல்ல. பெட்ரோலும் பழுதும் விழுங்கியது போக மிஞ்சுவதே கூலி.

இவ்வளவையும் செய்துவிட்டு அவனுக்கு ஒரு பட்டமும் சூட்டுகிறார்கள்: "பார்ட்னர்!" எதில் கூட்டாளி? கணக்குப் புத்தகத்தைப் பார்க்கும் உரிமை இல்லாத கூட்டாளி, விலையை நிர்ணயிக்கும் உரிமை இல்லாத கூட்டாளி, ஒரே பொத்தானை அழுத்தி வெளியே தள்ளப்படும் கூட்டாளி! நஷ்டத்தில் மட்டும்தான் இவன் கூட்டாளி.

மழை வந்தால்?

2015 டிசம்பர் வெள்ளத்தையும், 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயலையும் சென்னை மறந்துவிடவில்லை. பெருமழை பெய்தால் அசோக் நகர், கே.கே. நகர் தெருக்களில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். ஜனங்கள் வெளியே வராத அந்த நாட்களில்தான் ஆர்டர் குவியும். "மழைக்கு ஊக்கத் தொகை" என்று கைபேசி ஆசை காட்டும்.

வண்டி தண்ணீரில் இறங்குகிறது. காற்று போகும் வழியே தண்ணீர் என்ஜினுக்குள் புகுகிறது. வண்டி நின்றுவிடுகிறது. ஆர்டர் நேரம் ஓடிக்கொண்டிருக்கிறதே என்ற பதற்றத்தில் தொழிலாளி மறுபடியும் ஸ்டார்ட்டரை அழுத்துகிறான். காற்றைப் போலத் தண்ணீர் அமுங்கிக் கொடுக்காது. கனெக்டிங் ராடு வளைகிறது. ஊக்கத் தொகை சில பத்து ரூபாய். என்ஜின் பிரித்து மாட்டும் செலவு சில ஆயிரம். இன்ஷூரன்சுக்குப் போனாலோ, "சொந்த உபயோகத்துக்கென்று பாலிசி எடுத்துவிட்டுத் தொழிலுக்கு ஓட்டினாய்" என்று கைவிரிக்க அவர்களுக்கு வழியிருக்கிறது. மழைக்கு வந்த லாபம் மேலே போய்விட்டது. மழைக்கு வந்த சேதம் கீழே தங்கிவிட்டது.

"யார் கட்டாயப்படுத்தினார்கள்?"

கம்பெனியின் வக்கீல்கள் கேட்கிறார்கள்: "அவன் சுதந்திரமானவன், இஷ்டப்பட்டால் ஓட்டுகிறான், இல்லையென்றால் வீட்டில் இருக்கிறான். வண்டியும் அவனுடையது. அவன் எப்படித் தொழிலாளி ஆவான்?"

தோழர்களில் சிலரே இதை நம்புகிறார்கள் என்பதை நாம் மறைக்கவில்லை. "சொந்த வண்டி, எவனுக்கும் சலாம் போட வேண்டாம்" என்று பெருமையோடு சொன்னவரும் அந்த நிழலில் இருந்தார். அந்தப் பெருமையை நாம் ஏளனம் செய்ய மாட்டோம். ஆனால் அவரிடம் ஒன்று கேட்டோம்: "விலையை யார் வைக்கிறான்?" அவர் பதில் சொல்லவில்லை, கைபேசியைப் பார்த்தார்.

கைத்தறி நெசவாளியை நமக்குத் தெரியாதா? தறி அவனுடையது. ஆனால் பாவும் ஊடையும் மாஸ்டர் வீவர் கொடுப்பது. கூலியும் அவன் வைப்பது. தறி சொந்தம் என்பதால் நெசவாளி முதலாளி ஆகிவிட்டானா? சோமனூரிலும் பல்லடத்திலும் விசைத்தறி வைத்திருக்கும் கூலி நெசவாளி ஆகிவிட்டானா? கருவி யாருடையது என்பது மட்டுமே கேள்வி அல்ல. சந்தை யார் பிடியில் இருக்கிறது என்பதே கேள்வி.

சட்டத்துக்கும் இது தெரியாத விஷயம் அல்ல. பீடித் தொழிலாளி தன் வீட்டுத் திண்ணையில், தன் முறத்தில், தன் கத்தரிக்கோலால் இலை வெட்டிப் பீடி சுற்றினாள். "அவள் எங்கள் தொழிலாளி அல்ல" என்றுதான் பீடி முதலாளிகளும் கூவினார்கள். போராட்டங்களுக்குப் பிறகு 1966-ல் வந்த பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வீட்டில் சுற்றுகிறவளையும் தொழிலாளி என்றது. முதலாளிகள் சுப்ரீம் கோர்ட் வரை போனார்கள். 1974-ல் கோர்ட்டும் சட்டத்தை நிலைநிறுத்தியது. முறம் சொந்தமானாலும் அவள் தொழிலாளி என்றால், பைக் சொந்தமான இவன் யார்?

உலகம் எங்கே போகிறது?

அமெரிக்காவில் யு.பி.எஸ். என்ற பார்சல் கம்பெனியின் பழுப்பு நிற டிரக்குகள் பிரசித்தம். அவை கம்பெனியின் சொத்து. அந்நாட்டு விதிப்படி லாரி ஓட்டுநர் வண்டியின் கோளாறை எழுதிக் கொடுத்தால், ஆபத்தான பழுதைச் சரி செய்யாமல் கம்பெனி அதை மறுபடி ரோட்டில் விடக்கூடாது. ஆனால் டிரக்கின் உள்ளே அடுப்பாய்க் கொதித்தது; ஓட்டுநர்கள் வெயிலில் மயங்கி விழுந்தார்கள். டீம்ஸ்டர்ஸ் யூனியன் 3,40,000 தொழிலாளர்களின் பெயரால் வேலைநிறுத்தத்துக்குத் தயாரானது. 2023-ல் கம்பெனி இறங்கி வந்தது: 2024 முதல் வாங்கும் புது டெலிவரி வண்டிகளில் குளிர்சாதன வசதி வைக்க ஒப்பந்தமானது. அங்கே தொழிலாளி, "உன் வண்டியைச் சரி செய்" என்று முதலாளியை அதட்டுகிறான். இங்கே முதலாளி, "உன் வண்டியைச் சரி செய்" என்று தொழிலாளியை அதட்டுகிறான். வித்தியாசம் யூனியன்!

பிரிட்டனில் ஊபர் ஓட்டுநர்கள் தொழிலாளர்களே என்று 2021 பிப்ரவரியில் அந்நாட்டு சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. 

நம் நாட்டில்? 2020-21-ல் இத்தகைய வேலைகளில் 77 லட்சம் பேர் இருந்ததாக நிதி ஆயோக்கே கணக்குச் சொல்கிறது. 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு இவர்களுக்கென ஒரு தனிப் பெயரைக் கண்டுபிடித்தது. கம்பெனிகள் வருஷ வருமானத்தில் ஒன்று முதல் இரண்டு சதவீதம் நிதிக்குக் கொடுக்க வேண்டும் என்றது. பெயர் கொடுத்தார்கள், "தொழிலாளி - முதலாளி உறவு" என்ற உரிமையைக் கொடுக்கவில்லை.

தமிழக சர்க்கார் 2023-ல் நலவாரியம் அறிவித்தது. 2025-26 பட்ஜெட்டில், 2,000 தொழிலாளர்களுக்கு மின் ஸ்கூட்டர் வாங்க ஆளுக்கு 20,000 ரூபாய் மானியம் அறிவித்தது. கிடைப்பதை வாங்கிக்கொள்ளத்தான் சொல்கிறோம். ஆனால் யோசித்துப் பாருங்கள்: கம்பெனியின் சரக்கைச் சுமக்கும் யந்திரத்துக்கு ஒரு பங்கு தொழிலாளியின் கடன், ஒரு பங்கு ஜனங்களின் வரிப்பணம். கம்பெனியின் பங்கு எங்கே?

நமது கோரிக்கைகள்

1. கூலி வேறு, வண்டிச் செலவு வேறு. கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று வண்டிப்படியைத் தனியாகக் கொடு. பெட்ரோல் விலை ஏறினால் படியும் ஏற வேண்டும்.

2. வேலை நேரத்தில் வண்டி பழுதானால் அன்றைக்குக் குறைந்தபட்சக் கூலி கொடு. பழுதைக் காரணம் காட்டிக் கணக்கை முடக்காதே, ஊக்கத் தொகையை வெட்டாதே.

3. வண்டிக்கும் ஓட்டுகிறவனுக்கும் தொழில் இன்ஷூரன்ஸ் பிரீமியத்தைக் கம்பெனியே கட்டு.

4. பிரேக் இல்லாத வண்டியையும் வெள்ளத்தையும் மறுக்கும் உரிமையை எழுத்தில் கொடு. குட்டியானையில் அளவுக்கு மேல் ஏற்றுகிறவனே முறிவுக்குப் பொறுப்பு.

5. எல்லாவற்றுக்கும் மேலாக, அவனைத் தொழிலாளி என்று சட்டத்தில் எழுது!

இவை வானத்தைக் கேட்கும் கோரிக்கைகள் அல்ல. 2020 ஆகஸ்டில், ஆர்டருக்கு 35 ரூபாயாக இருந்தது 15 ஆகிவிட்டது என்று சென்னை உணவு டெலிவரித் தொழிலாளர்கள் வண்டிகளை நிறுத்தினார்கள். 2025 டிசம்பர் 25, 31 தேதிகளில் நாட்டின் பல நகரங்களில் டெலிவரித் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். தனித்தனியாக நின்ற வண்டிகளைப் பழுது என்றார்கள். சேர்ந்து நின்றபோது அதற்குப் போராட்டம் என்று பெயர்.

ஆலைத் தோழர்களே, வயல் தோழர்களே! இது பட்டணத்துப் பையன்களின் பிரச்சினை என்று இருந்துவிடாதீர்கள். யந்திரத்தின் செலவைத் தொழிலாளி தலையில் கட்டலாம் என்று ருசி கண்ட முதலாளி வர்க்கம் அசோக் நகரோடு நிற்காது. அந்தப் பைக்கில் ஓடுகிறவன் யார்? மூடிய மில்லின் வாசலிலிருந்தும், தண்ணீர் வராத வாய்க்கால் கரையிலிருந்தும் பிழைக்கப் போன நம் வீட்டுப் பிள்ளைதான்!

1918 ஏப்ரல் 27-ல் இதே சென்னையில் ஆலைத் தொழிலாளர்கள் சங்கம் அமைத்தபோது அவர்களுக்கென்று சட்டம் இல்லை. சங்கம் முதலில் வந்தது. 1926-ல்தான் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. மெட்ரோ தூணின் நிழலில் உட்கார்ந்திருக்கும் தோழர்களுக்கும் அதுதான் வழி.

வண்டியைத் தனியாகத் தள்ளாதே, தோழா! சங்கத்தில் சேர்!