கரையிலே கீரை, கடையிலே மருந்து!

ஜேடர்பாளையத்திலே காவிரிக்குக் குறுக்கே படுகை அணை கட்டினர், ராஜவாய்க்கால் ஓடிற்று, வயல் விளைந்தது. அந்த வயல் வரப்பிலே, ஈரம் கண்ட இடமெல்லாம் தானே முளைக்கிறது கரிசலாங்கண்ணி. களையென்று பிடுங்கி எறிகிறோம். எறிந்த கையோடு, குட்டையிலே மீனுக்கு நோய் கண்டால் கடைக்கு ஓடுகிறோம், மருந்து வாங்க!

என்ன மருந்து? மனிதன் காய்ச்சலில் கிடக்கும்போது உயிர் காக்க வேண்டிய ஆன்டிபயாட்டிக்! நோயில்லாத நாளிலும் அதைத் தீவனத்தோடு கலந்து கொட்டுவோர் உண்டு. விளைவு? கிருமி பழகிக்கொள்ளும், பழகிய கிருமி மருந்துக்குப் பணியாது. இழப்பு யாருக்கு? பண்ணைக்காரருக்கு மட்டுமா? அரசு மருத்துவமனை வரிசையிலே நிற்கும் தொழிலாளிக்கு! அதனால்தான், கால்நடை கொழுக்கவென்று தீவனத்தில் இவற்றைக் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006இல் அறவே தடுத்தது. கோலிஸ்டின் என்னும் மருந்தைக் கோழிக்கும் மீனுக்கும் தரலாகாதென இந்திய அரசும் 2019இல் தடை போட்டது. கோழிப் பண்ணைகள் நிறைந்த நாமக்கல்லுக்கு இது புதுச் சேதியல்ல.

தடுத்தால் போதுமா? மாற்று வேண்டாமா? மாற்றுக்கு வழி மதுரையிலே காட்டப்பட்டது. கரிசலாங்கண்ணி இலைச் சாற்றைத் தீவனத்தில் நூற்றுக்கு ஒரு பங்கு சேர்த்து ஜிலேபி மீனுக்கு ஊட்டினர். பிறகு ஏரோமோனாஸ் என்னும் நோய்க்கிருமியைச் செலுத்தினர். 2007இல் வெளியான அந்த ஆய்வின் கணக்கைக் கேளுங்கள்: சாறு உண்ணாத மீன்களில் நூறு செத்த இடத்திலே, ஒரு வாரம் உண்டவற்றில் 64 தப்பின, இரண்டு வாரம் உண்டவற்றில் 75 தப்பின. மூன்று வாரம் உண்டவற்றில்? 32தான்!

இந்த 32இலே இருக்கிறது பாடம். "இலைதானே, எத்தனை நாள் போட்டாலென்ன?" என்பவரை அது மறுக்கிறது. "பாட்டி வைத்தியம் பயன்படாது" என்பவரை அந்த 75 மறுக்கிறது. பழையது என்பதற்காக வணங்கவும் மாட்டோம். பச்சிலை என்பதற்காக இகழவும் மாட்டோம். அளந்து பார், ஆய்ந்து பார், பிறகு ஏற்றுக்கொள், இதுவன்றோ பகுத்தறிவு!

ஆய்வுத் தொட்டியிலே கண்ட அளவு, குட்டையிலே பொருந்துமா? கட்லாவுக்கு எவ்வளவு? ரோகுவுக்கு எத்தனை நாள்? சொல்ல வேண்டியது வியாபாரியின் வண்ணப் புட்டி அல்ல; மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் மீன்வளத் துறையும், 2012இல் நாகையிலே தொடங்கிய மீன்வளப் பல்கலைக்கழகமும்! நாகையின் அறிவு நாமக்கல் குட்டைக்கு வரட்டும். ஊர்தோறும் செய்து காட்டட்டும். இல்லையேல், வரப்பிலே இனாமாக முளைத்த கீரை, புட்டியிலே அடைபட்டு நம்மிடமே விலைக்கு வரும். கேளுங்கள் தோழர்களே, உரக்கக் கேளுங்கள்!