கண்ணாடியில் கீறிய பெயர்கள்



எஸ்றாவின் புத்தகம் இரண்டாம் அதிகாரத்தில் வரும் பெயர்ப்பட்டியலை நம்மில் பலர் வேகமாய்க் கடந்துவிடுகிறோம். அதனுள் ஒரு துயரம் உண்டு. பாபிலோனிலிருந்து திரும்பியவர்களில் சிலர், தங்கள் பிதாக்களின் வம்சம் இன்னதென்று சொல்லக் கூடாமல் நின்றார்கள். புலம்பெயர்ந்தோரின் பிள்ளைகளுக்கு இந்தத் தவிப்பு இன்றும் புதிதல்ல.

அமெரிக்காவின் வடகரோலினாவில், கிராண்ட்ஃபாதர் மலையடியிலுள்ள மெக்ரே புல்வெளியில் கோடைதோறும் ஸ்காட்லாந்து வம்சத்தார் கூடும் ஹைலேண்ட் விளையாட்டு விழா, 1956இல் தொடங்கப்பட்டது. நீண்ட மரத்தூணைத் தூக்கியெறியும் வீரர்களையும் துருத்திக்குழல் ஊதுவோரையும் காணவே பலர் வருகிறார்கள். ஆனால் விழாவின் உயிர் இருப்பது குலக் கூடாரங்களில்தான். வருகிறவர் தம் குடும்பப்பெயரைச் சொல்ல, அங்குள்ள பெரியவர் ஏடுகளைப் புரட்டி, இன்ன குலம், இன்ன டார்ட்டன் துணி என்று காட்டுகிறார். இரவில் ஒவ்வொரு குலத்தாரும் தீப்பந்தம் ஏந்தி, தாங்கள் வந்திருப்பதை உரக்க அறிவிக்கிறார்கள். 'மாக்' என்று தொடங்கும் பெயர்களில் அச்சொல்லுக்கு மகன் என்று பொருள். ஒலியைக் கேட்டு நாம் உறவு கொண்டாடிவிட வேண்டாம்!

அந்தக் கட்டம் போட்ட துணியைப் பற்றி உண்மையைச் சொல்லியாக வேண்டும். கலோடன் போருக்குப்பின் 1746இல் இயற்றப்பட்ட சட்டம், மலைநாட்டு ஆண்கள் அவ்வுடையை அணியக் கூடாதென்று தடுத்தது. முதல் குற்றத்திற்கு ஆறு மாதச் சிறை, மறுமுறை செய்தால் ஏழாண்டு நாடுகடத்தல். 1782இல் தடை நீங்கியது. 1822இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தபோது, எழுத்தாளர் வால்டர் ஸ்காட் நடத்திய வரவேற்பில்தான் டார்ட்டன் பெருமையின் சின்னமாயிற்று. குலத்திற்கொரு டார்ட்டன் என்ற ஒழுங்கு பெரும்பாலும் அதையொட்டிய காலத்தில் உருவானதே.

துணியைச் சபைக்குக் கொண்டுவந்து ஜெபிக்கும் ஆராதனையும் இப்படிப்பட்டதுதான். தடைக்காலத்தில் முன்னோர் துணித்துண்டை மறைத்து ஆலயத்திற்குக் கொண்டுபோனதாகக் கதை உண்டு, சான்று இல்லை. ஸ்காட்லாந்தில் பிறந்த போதகர் பீட்டர் மார்ஷல், வாஷிங்டனில் 1941இல் தொடங்கிய ஆராதனை அது.

அப்படியானால் வேரைத் தேடுகிறவர் எங்கே போவது? ஸ்காட்லாந்தில் அரசின் பிறப்பு, இறப்புப் பதிவு 1855இல்தான் தொடங்கியது. அதற்கு முன் திருச்சபையின் ஞானஸ்நான, விவாக ஏடுகளே துணை. மலைநாட்டில் அவையும் பல இடங்களில் குறைவுபட்டவை.

ஏட்டிலல்லாமல் கண்ணாடியில் எழுதப்பட்ட ஒரு பதிவும் உண்டு. ஆட்டு மந்தைகள் அதிக வருமானம் தருமென்று நிலக்கிழார்கள் குடியானவர்களை வெளியேற்றிய காலம் அது. கடல் கடந்தோர் அனைவரும் துரத்தப்பட்டவர் அல்லர். 1739இல் வடகரோலினாவில் வந்திறங்கிய ஆர்கைல் மக்கள் நல்ல நிலம் தேடி வந்தவர்கள். கிளென்கால்வி பள்ளத்தாக்கினரின் கதை வேறு. 1845 மே மாதத்தில் வீடிழந்த அவர்களில் சுமார் 80 பேர், குரோயிக் ஆலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் துணிக்கூரை கட்டித் தங்கினார்கள். பிள்ளைகளும் முதியோரும் அவர்களுள் இருந்தார்கள். லண்டன் டைம்ஸ் பத்திரிகை செய்தியாளரை அனுப்பி இதை வெளியிட்டது.

அவர்கள் ஆலயத்துக்குள் தங்கவில்லை. கிழக்குச் சன்னலின் சாய்சதுரக் கண்ணாடிகளில், வெளியே நின்றபடி தங்கள் பெயர்களையும் ஊரையும் கீறினார்கள். பேசிய மொழி கேலிக், கீறியதோ ஆங்கிலம். அதில் ஒரு வரி நெஞ்சைப் பிளக்கிறது. கிளென்கால்வி ஜனங்கள் துன்மார்க்கச் சந்ததி என்று தங்களைத் தாங்களே குற்றஞ்சாட்டுகிறார்கள்! வீட்டைப் பறித்தவனைக் குறித்தல்ல, தங்களைக் குறித்தே அப்படி எழுதினார்கள். தேவதண்டனை என்றே நம்பினார்கள் போலும். அவர்களுக்கு அப்படிப் போதித்தவர் யாரோ என்று கேட்காமல் என்னால் இருக்க முடியவில்லை.

அந்தக் கண்ணாடிகள் இன்றும் அதே சன்னலில் இருக்கின்றன. வெளிப்புறத்தில் கீறப்பட்டவையாதலால், ஆலயத்தினுள் அமர்ந்திருப்பவருக்கு எழுத்துகள் இடவலம் மாறித் தெரியும். நேராக வாசிக்க வேண்டுமானால் கல்லறைத் தோட்டத்திற்கு இறங்கிவந்து, அவர்கள் நின்ற இடத்தில் நிற்க வேண்டும்.